ஆறு றாத்தல்

கிளிநொச்சியில் பாண் வாங்குகிற எவருக்கும் ஒரு றாத்தல் என்றால் எவ்வளவு என்று கைக்குத் தெரியும். 450 கிராம். சில நாட்களில் கை கொஞ்சம் குறையச் சொல்லும், அது வேறு கதை. இங்கே நான் றாத்தலை இழுப்பதற்குக் காரணம், இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் பிரித்தானியர் தங்கள் பீரங்கிகளுக்கும் றாத்தலில்தான் பெயர் வைத்தார்கள். ஆறு றாத்தல் பீரங்கி என்றால் அது சுடுகிற இரும்புக் குண்டின் நிறை ஆறு றாத்தல். ஆறு பாணின் பாரம். பருமன் மட்டும் ஒரு விளாம்பழமளவு, ஒன்பது சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு.

அப்படி ஒன்று இப்போது என் மேசையில் நிற்கிறது. முழுப் பீரங்கியும் என் சுண்டுவிரல் நீளம். அதைச் சுற்றி ஐந்து பேர், ஆளுக்கு 28 மில்லிமீற்றர் உயரம், வெள்ளீயம் கலந்த வார்ப்பு. இவர்களுக்கு உடுப்புப் போட்டு முடிக்க எனக்கு மூன்று மாதம் போயிற்று. லண்டனில் இருக்கிற மச்சான் இதை ஒரு கிழமையில் முடிப்பாராம். முடிக்கட்டும்.

தொழிலால் நான் போர்ட் எழுதுகிறவன். கடைப் பெயர், லொறியின் நெற்றியில் முருகன் துணை, கோயில் உபயகாரர் பட்டியல் எல்லாம் எழுதியிருக்கிறேன். பிளெக்ஸ் வந்த பிறகு ஏ9 வீதியில் கையால் எழுதிய போர்ட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நானும் இப்போது கணினி முன்னால் இருந்து பிளெக்ஸ்தான் அடிக்கிறேன். ஆனால் பன்னிரண்டு வருடம் பிறஷ் பிடித்த கை சும்மா இருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் மச்சான் தன் வீட்டு மேல்தட்டைத் துப்புரவாக்கினார். இளந்தாரி வயதில் ஆசையாக வாங்கி, நிறமடிக்காமல் விட்ட பெட்டி ஒன்று எனக்கு வந்து சேர்ந்தது.

பொதியைப் பிரித்துச் சோதித்த இடத்தில் இருந்தவர் பீரங்கிக் குழல் ஒன்றை இரண்டு விரலால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். இது என்ன என்றார். விளையாட்டுச் சாமான் என்றேன். உங்களுக்கு எத்தனை வயது என்றார். சொன்னேன். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார். வன்னி முகவரிக்குப் பீரங்கி போகிறது என்பதைவிட, முப்பது வயசு ஆள் பொம்மை எடுக்க வந்து நிற்கிறான் என்பதுதான் அவருக்குப் பெரிய விஷயமாகப் பட்டிருக்க வேண்டும்.

பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்திக் கட்டை உருட்டிச் சண்டை பிடிக்கிற இந்த விளையாட்டுக்குத் தகப்பன் ஒரு பிரஷ்யப் பீரங்கிப்படை லெப்டினன்ற். ரைஸ்விற்ஸ் என்பவர் 1824 இல் அதன் விதிகளை அச்சிட்டார். வரைபடத்தின் மேல் சின்னச் சின்னக் கட்டைகள் வைத்து, குண்டு பட்டதா இல்லையா என்பதைத் தாயக்கட்டையிடம் விட்டார். அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கச் செய்த ஏற்பாடு அது. பொம்மையும் நிறமும் பிறகு வந்து சேர்ந்தவை. நாங்கள் மூன்று பேர் போயா நாட்களில் மாங்குளத்தில் ஒருவருடைய வீட்டு விறாந்தையில் ஆறடிக்கு நாலடிப் பலகை போட்டு விளையாடுகிறோம். மாங்குளத்தில் வாட்டர்லூ நான்கு தடவை நடந்திருக்கிறது. நெப்போலியன் இரண்டு தடவை வென்றார்.

ஐரோப்பியச் சண்டைகள் ஒரு கட்டத்தில் அலுத்துவிட்டன. மேசை கிடப்பது மாங்குளத்தில், சண்டை மட்டும் பெல்ஜியத்திலா? ஒல்லாந்தரிடமிருந்து 1795 இல் பிரித்தானியரிடம் போன முல்லைத்தீவுக் கோட்டையை 1803 ஓகஸ்ட் 25 இல் வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் தாக்கிப் பிடித்தார். அங்கிருந்த பீரங்கிகளையும் இழுத்துக்கொண்டு போனார் என்பது நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வளர்ந்த கதை. இரண்டு மாதம் கழித்து, ஒக்ரோபர் 31 இல், ஒட்டுசுட்டானுக்குக் கிட்டக் கற்சிலைமடுவில் பிரித்தானியக் கப்டன் வொன் டிறிபேர்க் அவரைத் தோற்கடித்தார். அதைச் சொல்லி வெள்ளைக்காரர் ஒரு கல்லும் நட்டார்கள். கல் நட்டது வென்றவருக்கு. மாலை விழுவது தோற்றவருக்கு.

ஆகவே என்னுடைய பீரங்கி முல்லைத்தீவுக் கோட்டையில் நின்ற பீரங்கி. அதனோடு நிற்கிற ஐந்து பேரும் இன்னும் சில மணித்தியாலத்தில் அதை விட்டுவிட்டு ஓடப்போகிறவர்கள். அவர்களுக்கு அது தெரியாது.

இனி நிறத்துக்கு வருவோம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் பீரங்கி வண்டிக்கு ஒரு நிறம் இருந்தது. பிரெஞ்சுக்காரருக்கு மங்கிய பச்சை, ஒஸ்திரியருக்குக் காவி மஞ்சள், பிரித்தானியருக்குச் சாம்பல். மரத்தில் அறைந்த இரும்புப் பட்டம், ஆணி, கொளுக்கி எல்லாம் கறுப்பு. சாம்பல் என்றவுடன் சுலபம் என்று நினைத்தேன். ஒரே சாம்பலை அப்பிவிட்டுப் பார்த்தால் பிளாஸ்ரிக் கதிரை மாதிரி நின்றது. மரமாகத் தெரிய வேண்டுமென்றால் முதலில் கருஞ்சாம்பல், அதன் மேல் அரைக்காய்ந்த பிறஷால் வெளிர்சாம்பலை விளிம்புகளில் மட்டும் உரசிவிட வேண்டும். சில்லுக்கு இன்னும் கவனம் வேண்டும். மாட்டுவண்டிச் சில்லைப் பார்த்திருந்தால் பாதி வேலை முடிந்தது. குடம், ஆரக்கால், வட்டை, வெளியே இரும்பு வளையம் என்று இரண்டும் ஒரே குடும்பம்தான். வளையத்தின் நிலம் தொடுகிற பக்கம் மட்டும் கறுப்பாக இருக்காது. ஓடி ஓடித் தேய்ந்து வெள்ளியாக மினுங்கும். அந்த ஒரு கோட்டை இழுத்தவுடன் வண்டிக்குப் பாரம் வந்துவிடுகிறது.

ஒன்று மறந்துவிட்டேன். ஒட்டுவதற்கு முன்னர் நிறமடிக்க வேண்டும். குழல் தனி, வண்டி தனி, சில்லு தனி, ஆட்கள் தனி. ஆட்களைச் சோடாப்போத்தல் மூடியில் ஆளுக்கொன்றாக ஒட்டிவிட்டால் மூடியைப் பிடித்துத் திருப்பித் திருப்பி அடிக்கலாம். எல்லாவற்றையும் ஒட்டிவிட்டுப் பிறகு அடிக்கலாம் என்று இறங்கினால் குழலுக்கும் அச்சுக்கும் நடுவில் பிறஷ் போகாது. முதல் பீரங்கியில் எனக்கு அதுதான் நடந்தது. அந்தப் பீரங்கியை இப்போது தூரத்தில் நிறுத்துகிறோம்.

குழல்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. ஆங்கிலத்தில் இவற்றைப் பித்தளைப் பீரங்கி என்றே சொல்லுவார்கள். நான் அதை நம்பி அம்மாவின் குத்துவிளக்கை எடுத்து மேசையில் வைத்து, அதைப் பார்த்துப் பார்த்து நிறம் கலந்தேன். வெள்ளிக்கிழமை புளி போட்டு மினுக்கிய விளக்கு. குழல் பளபளவென்று வந்தது, நகைக்கடை மாதிரி. ஏதோ பிழை என்று தெரிந்தது, எது என்று தெரியவில்லை. பிறகுதான் வாசித்தேன், அது பித்தளையே இல்லை. செம்பில் பத்திலொரு பங்களவு வெள்ளீயம் கலந்த வெண்கலம். பீரங்கி வார்த்த உலோகமும் கோயில் மணி வார்க்கிற உலோகமும் ஒன்றுவிட்ட சகோதரங்கள், மணியில் வெள்ளீயம் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்.

அடுத்த நாள் பிள்ளையார் கோயிலுக்குப் போய் மணிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். ஐயர் என்ன நினைத்தாரோ தெரியாது. மணி பொன்னிறமாக இல்லை. கபிலம். கயிறு உரசுகிற இடமும் நாக்கு அடிக்கிற விளிம்பும் மட்டும் செம்மஞ்சளாக ஒளிர்ந்தது. வீட்டுக்கு வந்து குழலைத் துடைத்து, கடும் கபிலத்தில் தொடங்கி, அதன் மேல் செம்பு கலந்த பொன்னிறம், அதன் மேல் தண்ணீராகக் கரைத்த கபிலத்தை ஓடவிட்டு, கடைசியில் மேல்முதுகில் மட்டும் ஒரு கீற்று வெளிச்சம். வாய்ப்பக்கத்தில் வெடிமருந்துப் புகை படிந்த கரி, பின்பக்கத் துவாரத்தைச் சுற்றி ஒரு பொட்டுக் கரி. சரி, அப்போதுதான் அது பீரங்கியாயிற்று. (கண்டி இராச்சியத்துப் பீரங்கி ஒன்று 2023 இல் ஆம்ஸ்ரடாமிலிருந்து திரும்பி வந்ததே, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்தது, அதன் குழலும் வெண்கலம்தான். அதைச் சின்னதாகச் செய்து பார்க்க எனக்கு ஆசை. கைக்குத் துணிவில்லை.)

இந்த ஊரின் காலநிலை இந்த வேலைக்கு ஏற்றது இல்லை. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் அடிநிறத்தைத் தெளித்தால் அது பொம்மையைப் போய்ச் சேருவதற்கு முதலே காற்றில் காய்ந்துவிடும். பொம்மையின் முகம் மணல் ஒட்டினது போலச் சொரசொரக்கும். சரி, மாரியில் தெளிக்கலாம் என்றால் ஈரத்தில் பால் படர்ந்தது போல வெளிறிவிடும். இப்போது விடிய ஆறு மணிக்கு, காற்று எழும்பமுதல், கிணற்றடியில் குந்தியிருந்து தெளிக்கிறேன். தட்டில் விட்ட அக்ரிலிக் நிறம் மத்தியானத்தில் இரண்டு நிமிடம் தாங்காது. சாப்பாட்டுப் பெட்டிக்குள் நனைத்த பஞ்சுக்கட்டியைப் பரப்பி, அதன் மேல் கேக் சுடுகிற கடதாசியைப் போட்டு, அதில் நிறம் வைத்தால் மூடிவைத்து அடுத்த நாளும் பாவிக்கலாம். இனாமலில் வளர்ந்தவன் நான். இனாமல் இப்படியெல்லாம் கொஞ்சச் சொல்லிக் கேட்காது.

மேலங்கி கருநீலம், கழுத்துப்பட்டியும் கைமடிப்பும் சிவப்பு, மஞ்சள் பட்டி. அரச பீரங்கிப்படையின் உடுப்பு அது. கருநீலத்தை உள்ளபடி அடித்தால் இந்த அளவில் கறுப்பாகத்தான் தெரியும். ஆள் சின்னதாகும்போது நிறத்தையும் வெளிறச் செய்ய வேண்டும். போர்ட் எழுதுகிறவனுக்கு இது புதிதில்லை. வீதியின் அந்தப் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டிய எழுத்தை யாரும் கருநீலத்தில் எழுத மாட்டார்கள்.

ஆட்களுக்கு நிறமடிக்க இருந்தபோது ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்றே எனக்கு விளங்கவில்லை. ஒருவனிடம் நீளத் தடி, ஒருவன் குனிந்து குழலின் பின்பக்கத்தில் பெருவிரலை வைத்துக்கொண்டு நிற்கிறான், ஒருவன் கையில் புகைகிற குச்சி. அவர்களின் வேலை தெரியாமல் எந்தக் கையில் கரி, எந்த முழங்காலில் சேறு என்று எப்படித் தீர்மானிப்பது? படித்தேன். படிக்கப் படிக்க இதுதான் முழு வேலையிலும் ருசியான இடமாயிற்று.

ஒரு வெடி போனவுடன் குழலுக்குள் எரிந்த துணித்துண்டு, நெருப்புப் பொறி மிச்சமிருக்கும். அதற்குள் அடுத்த மருந்துப் பொட்டலத்தைத் தள்ளினால் தள்ளுகிறவனின் கை போய்விடும். அதனால் தடிக்காரன் முதலில் தடியின் ஆட்டுரோமத் தலையை வாளித் தண்ணீரில் தோய்த்துக் குழலுக்குள் விட்டுத் துடைப்பான். அவன் துடைக்கும்போது பின்பக்கத் துவாரத்தால் காற்றுப் போனால் பொறி ஊதி எழும்பும். அதை அடைக்கத்தான் அந்தப் பெருவிரல். விரலுக்குத் தோலுறை போட்டிருப்பான், ஏனென்றால் குழல் கொதிக்கும். பிறகு மூன்றாமவன் பொட்டலத்தையும் குண்டையும் வாயில் வைப்பான். தடிக்காரன் தடியைத் திருப்பி மற்றத் தலையால் இடித்து இறுக்குவான். பெருவிரல்காரன் கம்பியால் துவாரத்துக்குள் குத்திப் பொட்டலத்தைக் கிழித்து, மருந்து நிரப்பிய இறகுக்குழாயைச் செருகுவான். புகைக்குச்சிக்காரன் பற்றவைப்பான். ஐந்தாமவன் பின்னால் நின்று கட்டளை சொல்லுவான், வண்டியின் வாலை இடம் வலம் நகர்த்தச் சொல்லுவான். வெடித்தவுடன் பீரங்கி பின்னால் பாயும். எல்லாரும் சேர்ந்து திரும்ப இழுத்து வைத்து மறுபடி வாளியிலிருந்து தொடங்க வேண்டும். பழகின ஆட்கள் என்றால் நிமிடத்துக்கு இரண்டு வெடி.

இது தெரிந்த பிறகு நிறம் தானாக வந்தது. தடிக்காரனின் முழங்கை வரை கரி. பெருவிரல்காரனின் தோலுறைக்குத் தனி நிறம், ஒரு புள்ளிதான், ஆனால் அந்தப் புள்ளி இல்லாவிட்டால் அவன் சும்மா சாய்ந்து நிற்கிறவன். வாளியைச் சுற்றி நிலம் நனைந்து கறுத்திருக்க வேண்டும். பொம்மையோடு வந்த தடி வளைந்துபோயிருந்தது. வெட்டி எறிந்துவிட்டுத் தென்னீர்க்கில் ஒரு துண்டைச் செருகி, நுனியில் பஞ்சைப் பசையில் சுற்றினேன். ஈர்க்கு நேராக நிற்கிறது.

2009 இல் எனக்குப் பதின்மூன்று வயது. எனக்குத் தெரிந்த பீரங்கிக்கு ஆட்கள் இல்லை. தூரத்தில் ‘டும்’ என்று ஒரு வெளிக்கிடுற சத்தம், பிறகு எண்ணிக்கை, பிறகு கூவிக்கொண்டு வருவது. எங்கிருந்து அடிக்கிறார்கள், எத்தனை இஞ்சி, எவ்வளவு கிட்ட விழும் என்று பெரியவர்கள் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். பங்கருக்குள் அம்மா என் தலையை மடிக்குள் அமத்திக்கொண்டு எண்ணுவா. அந்த ‘டும்’முக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பார்கள், களைத்திருப்பார்கள், ஒருவன் மற்றவனை ஏசியிருப்பான், ஒருவனுக்குக் கை சுட்டிருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. நினைக்க இடமும் இருக்கவில்லை. இந்த ஐந்து பேருக்கும் கண் வைக்கும்போதுதான் அது மண்டைக்குள் ஏறியது. அதனால் எனக்கு யார் மேலோ இரக்கம் பிறந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். பிறக்கவில்லை. ஆட்கள் இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான் தெரிந்தது. அன்று இரவு மிச்சத்தை அடிக்காமல் மூடிவைத்துவிட்டேன்.

மேசையில் விளையாடும்போது நாங்கள் தூரத்தை அங்குலத்தில் அளக்கிறோம். 24 அங்குலத்துக்குள் இருந்தால் இத்தனை கட்டை, கிட்ட வந்தால் குண்டுக்குப் பதிலாகச் சிதறுகிற சன்னம், கட்டை கூட. இந்த விளையாட்டில் பீரங்கியின் பின்னால் நின்று பார்ப்பதுதான் எனக்கு இன்னும் பழகாத விஷயம். என் முறை வரும்போது அளவுநாடாவைப் பீரங்கி வாயில் வைப்பதற்கு முன்னர் இலக்கிலிருந்துதான் என் கண் அளக்கத் தொடங்குகிறது. மற்ற இருவரும் சிரிப்பார்கள். அவர்களில் ஒருவர் வவுனியாவில் வளர்ந்தவர், மற்றவர் என்னைப்போல. அந்த மற்றவர் சிரித்துவிட்டு நாடாவைப் பிடித்துத் தருவார்.

அம்மாவுக்கு இந்த வேலை தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை. பொதி வந்த அன்று கேட்டா.

“என்ன தம்பி உது?”

“பீரங்கி அம்மா. பொம்மை.”

“கண்டது காணாதே உனக்கு?”

அதற்கு மறுமொழி இல்லை. இன்றைக்கும் இல்லை. பண்டாரவன்னியன் காலத்துப் பீரங்கி என்று சொல்லிப் பார்த்தேன். ஓமோம், எல்லாம் ஆரோ ஒராளின்ர காலத்துப் பீரங்கிதான் என்றுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டா. அதற்குப் பிறகு என் மேசை இருக்கிற அறைக்குக் கூட்டுவதற்கு மட்டும்தான் வருவா. மேசைக்குக் கீழே கூட்டுவா, மேலே பார்க்க மாட்டா.

அடித்தளத்துக்கு மண் தேவைப்பட்டது. வெளிநாட்டில் இதற்கென்று டப்பாவில் மண் விற்கிறார்கள், காசு கொடுத்து வாங்குகிறார்கள். நான் முல்லைத்தீவுக் கடற்கரைக்குப் போன ஒருநாள் ஒரு சொப்பிங் பையில் மணல் கொண்டுவந்தேன். தேத்தண்ணி வடியில் அரித்து, பசை தடவிய தட்டில் தூவிக் காயவிட்டேன். வீட்டு முற்றத்துக் கிரவலும் ஒரு சிட்டிகை சேர்த்தேன், சில்லுத் தடத்துக்கு. தென்னந்தும்பை நறுக்கிக் கொத்துக் கொத்தாக நட்டால் காய்ந்த புல். வாளியடி ஈரத்தை விட்டால், நிறமடிக்காத ஒரே பகுதி அந்த மணல்தான். அசல் நிறத்தை விடச் சரியான நிறம் கலக்க எனக்கு வராது.

போன கார்த்திகையில், வெள்ளிக்கிழமை பின்னேரம், அம்மா குத்துவிளக்கைத் தேடிக்கொண்டு அறைக்கு வந்தா. வெண்கலம் விளங்கின பிறகும் நான் அதைத் திருப்பி வைக்க மறந்துபோனேன். விளக்கு மேசையில், பீரங்கிக்குப் பக்கத்தில். எடுக்கக் கை நீட்டினவ, கையை அப்படியே வைத்துக்கொண்டு குனிந்து பார்த்தா. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டு இன்னும் குனிந்தா.

“இவன் என்னத்துக்கு வாளி வைச்சிருக்கிறான்?”

சொன்னேன். நெருப்புப் பொறி, ஆட்டுரோமம், பெருவிரல் எல்லாம். தலையாட்டிக் கேட்டா. பிறகு புகைக்குச்சிக்காரனை விரலால் தொடாமல் காட்டினா.

“இவன்தானே வெடி வைக்கிறவன்?”

“ஓம்.”

“அப்ப உவன் ஏன் சும்மா நிக்கிறான்? பக்கத்தில நிக்கிறவன்.” கட்டளை சொல்லுகிறவனைத்தான் சொன்னா. “வெடிக்கேக்க காதைப் பொத்தி வாயைத் திறக்க வேணும். இல்லாட்டிச் செவிப்பறை போயிடும். உவங்களுக்கு ஆரும் சொல்லிக் குடுக்கேல்லையோ?”

விளக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டா. சாமியறையில் தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது.

அன்றிரவு கட்டளைக்காரனின் இடது கையை முழங்கையோடு அறுத்தேன். குழாய் ஒட்டுகிற எபொக்சிப் புட்டியை இரண்டு நிறமும் கலக்கப் பிசைந்து, ஈர்க்கு நுனியால் உருட்டி, காதைப் பொத்துகிற மாதிரி ஒரு கை வைத்தேன். வாயைக் கத்தி முனையால் கொஞ்சம் தோண்டினேன். மழைக்காலம், காய ஒன்றரை நாள் எடுத்தது. காய்ந்த பிறகு பார்த்தால் கை அளவுக்கு மீறிப் பெரிதாக, ஒரு பக்கத்து முகத்தையே மூடிக்கொண்டு நின்றது. அராவிக் குறைக்கலாம். அப்படியே விட்டுவிட்டுத் தோல் நிறத்தைக் கலந்தேன்.